சீனியம்மாளின் பின்னல்

தண்டையார்பேட்டையில் தங்கப்பாண்டியின் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள், அவன் மனைவி ராமசெல்வியின் முகத்தைவிட அவள் வகிட்டைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். கல்லாவில் குனிந்தே உட்கார்ந்திருப்பாள். உளுந்து எந்த மூட்டையில் இருக்கிறது, புது சீரகம் வந்துவிட்டதா என்பதையெல்லாம் நிமிராமலே சொல்லுவாள். உடன்குடிப் பக்கத்தில் பிறந்து, திருச்செந்தூரில் பி.காம். முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். தலையில் முடியும் அதிகம் கிடையாது. சின்ன வயதில் அவளுக்கு எலிவால் என்றே பெயர்.

அவளுடைய அக்கா சீனியம்மாள் இரண்டிலும் நேரெதிர். வாயும் நீளம், முடியும் நீளம். பள்ளிக்கூடம் போகிற காலையில் தங்கைக்கு அவள்தான் பின்னிவிடுவாள். இருக்கிற கொஞ்ச முடியை, நெற்றித்தோல் இறுகிப் புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இழுத்துப் பின்னி, ரிப்பனை மடித்துக் கட்டுவாள். ராமசெல்வி அழுதால் தலையில் ஒரு குட்டு விழும்.

"லூசா விட்டா இருக்கிறதும் பறந்து போயிரும்ட்டி. அழாத. பெரியவளானதும் என் முடியில பாதிய வெட்டித் தாரேன்."

அக்காவையும் சென்னையில்தான் கட்டிக்கொடுத்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வியாபாரம், வீடு திருவொற்றியூரில். ஒரே பஸ்ஸில் போய்விடலாம். சண்டை போட்டால்கூட அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இருவரில் ஒருத்தி மீன் குழம்புத் தூக்கோடு மற்றவள் வாசலில் நிற்பாள்.

சீனியம்மாளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தபோது, மருந்து ஏற்றினால் முடி கொட்டிவிடும் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொன்னார்கள். கொட்டுகிறவரை காத்திருக்க அவளுக்கு மனமில்லை. தங்கையை வரச்சொன்னாள். பின்னலின் இரண்டு முனையிலும் ரப்பர் பேண்டு போடச் சொல்லி, துணி வெட்டுகிற கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தாள். கத்தரிக்கோல் மொட்டை. அறுப்பது போலத்தான் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டி முடித்ததும் சீனியம்மாள் பின்னலை ஒரு ஜாக்கெட் துணியில் சுற்றித் தங்கை மடியில் வைத்தாள்.

"இந்தா. தாரேன்னு சொன்னேன்ல."

"பாதின்னுதான சொன்ன. முழுசாத் தாரியே."

"வட்டி சேர்ந்திருக்கும்லா."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த ஆடி வருவதற்குள் சீனியம்மாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் கழிந்ததும் அவளுடைய புடவைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள், பாய் தலையணையைக் கொண்டுபோய் எறிந்தார்கள். பின்னலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது. சீப்பில் வருகிற முடியைக்கூடச் சுருட்டி வெளியே எறிந்துவிடுகிற வீடு ராமசெல்வியுடையது. முடியை உள்ளே வைத்தால் ஆகாது என்பார்கள். இறந்தவள் முடி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் பீரோவின் அடித்தட்டில் பழைய பாவாடைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தாள். மத்தியான வேளையில், தங்கப்பாண்டி சாப்பிட்டுக் கண்ணயர்ந்த பிறகு, எடுத்து மோந்து பார்ப்பாள். முதலில் அக்காவின் தேங்காய் எண்ணெய் வாசனை இருந்தது. பிறகு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பாச்சா உருண்டை வாசனை மட்டும்தான் வந்தது.

அன்றைக்குத்தான் அவள் ஜஹானாராவிடம் போனாள்.

ஜஹானாரா, மஸ்கட்டில் பார்லர் வேலை பார்த்துவிட்டு வந்து ராயபுரத்தில் ஒரு மாடியில் சொந்தமாகக் கடை போட்டவள். பின்னலைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு முடி செல்விக்கா?"

"எங்க அக்காது."

"அவங்களே குடுத்தாங்களா? பெரிய மன்சுதான்."

ராமசெல்வி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜஹானாரா வேலையை விளக்கினாள். அப்படியே வைக்க முடியாது. கொருக்குப்பேட்டையில் காஜா மொய்தீனின் முடிக் கிடங்கு இருக்கிறது, அங்கே கொடுத்து நீளப்பட்டையாகத் தைத்து வாங்க வேண்டும். பிறகு, மேலே மூட மட்டும் கொஞ்சம் விட்டுவிட்டு, ராமசெல்வியின் சொந்த முடியை மண்டையோடு ஒட்டிச் சிறுசிறு வரிசையாகப் பின்னி, அந்தப் பின்னல்மேல் பட்டையை ஊசி நூலால் தைத்துவிடுவாள்.

"குளிக்கலாம், தூங்கலாம், கயட்டவே வாணாம். ஆனா மூணு விசியம். எண்ணெ வெக்காத. ஈரத்தோட பின்னாத. ஒண்ணரை மாசத்துக்கொரு தபா வந்து பிரிச்சிட்டுப் புதுசாத் தெச்சுக்கினு போ. இன்னா?"

"சரி."

தங்கப்பாண்டியிடம் பார்லரில் சவுரி வைத்துக்கொண்டேன் என்று மட்டும் சொன்னாள். "கடையில விக்கிற முடிதான?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். நன்றாயிருக்கிறது என்றான். கடை வாசலில் பூ விற்கிற ராஜாத்தி மட்டும் அதை அவ்வளவு லேசில் விடவில்லை.

"இன்னா அண்ணி, நேத்து வரைக்கும் தோள்ல நின்னுகினு இருந்த முடி இன்னிக்கு இடுப்புல குந்திகினு கீது? அந்த உரத்த நமக்கும் இன்னான்னு சொல்றது."

"சவுரிதான் ராஜாத்தி."

"சவுரியா. நா கூட அண்ணனுக்கு வேற பொண்டாட்டி வந்துட்ச்சோன்னு பேஜாராய்ட்டேன். இந்தா, நாலு முழம் வெய்யி. இம்மாம் முடிக்கு ரெண்டு முழம்லாம் காணாது."

தைத்த அன்று தலையை எந்தப் பக்கமும் சாய்க்க முடியவில்லை. காதுக்குப் பின்னால் இழுத்தது. நெற்றி இறுகியிருந்தது. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஜஹானாரா சொல்லியிருந்தாள். சரியாகவில்லை. ஆனால் ராமசெல்வி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்த வலி அவளுக்குத் தெரிந்த வலி. புருவம் மேலே ஏறி, கண்ணோரத்தில் சுருக்கென்று இழுக்கிற அந்த வலியோடு ஒரு குட்டும் விழுந்தால் பள்ளிக்கூடம் போகிற காலைதான். கல்லாவில் குனிந்து உட்கார்ந்திருக்கையில் யாரோ பின்னால் நின்று பின்னிக்கொண்டே இருப்பது போலிருந்தது. அவளுக்கு அது வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா ஒரு வெள்ளிக்கிழமைகூட எண்ணெய்க் குளியலை விட்டதில்லை. அவள் முடியை எண்ணெய் காணாமல் எப்படி வைத்திருப்பது என்று ராமசெல்விக்குப் புரியவில்லை. ஒரு தடவை என்று தேய்த்தாள். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் தேய்த்தாள். கடை திறக்கிற அவசரத்தில், அடியில் ஈரம் இருக்கும்போதே பின்னி, மேலே மல்லிகையும் வைத்துக்கொண்டாள். ஒண்ணரை மாதம் முடிந்தபோது போகவில்லை. பிரித்தால் பட்டையைத் திரும்பக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமே என்று தள்ளிப்போட்டாள். ஜஹானாரா போன் செய்தாள். கடையில் ஆள் இல்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். பல அடுத்த வாரங்கள் போயின.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டி பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன், அவள் முதுகைப் பார்த்துவிட்டு, "உனக்கு நரை வந்துட்டுட்டி" என்றான்.

"பிடுங்கிப் போடுங்க."

பின்னலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை முடியைச் சுண்டி இழுத்து ஜன்னல் வழியாக எறிந்தான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவனுக்கு ஒரு வேலையானது. கண்ணில் படுகிற வெள்ளையை எல்லாம் பிடுங்கினான். அவளும் முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்வாள்.

அரிப்பு எப்போது தொடங்கியது என்று அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தையலுக்கு நடுவில் விரல் நுழையாது. பின்னூசியால் குத்திக்கொள்வாள். பிறகு ஒரு புளிச்ச வாடை வந்தது. முதலில் கடையில் மாவு கெட்டுவிட்டதோ என்று மூட்டை மூட்டையாகத் தேடினாள். வாடை அவள் போகிற இடமெல்லாம் வந்தது. அப்புறம் நெற்றிப் பொட்டில், தையல் தொடங்குகிற ஓரத்தில், சிறுசிறு கொப்புளங்கள். சீப்பு வைத்தால் நெற்றி ஓரத்துக் குட்டை முடி வேரோடு வந்தது.

கேட்டவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றுதான் என்றான் தங்கப்பாண்டி. இந்த லாரித் தண்ணியில் குளித்தால் இரும்பே துருப்பிடிக்கும், மண்டை எம்மாத்திரம் என்றார் கடைக்கு வந்த ஒருவர். ராஜாத்தி கண்ணேறு என்றாள்.

"இம்மாம் முடில நாலு முழம் வெச்சுக்கினு தெருவுல போனா எவ கண்ணு சும்மா கீது? மொளகா சுத்திப் போடு அண்ணி."

மிளகாய் சுற்றிப் போட்டாள். மருந்துக்கடையில் பொடுகு ஷாம்பு கொடுத்தார்கள், அதையும் போட்டாள். இவை எதுவுமே காரணம் இல்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. செத்தவள் முடியைத் தலையில் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்றது அந்தக் குரல். பட்டப்படிப்பு படித்தவள் இதையெல்லாம் நம்பலாமா என்று அதற்கு அவளே பதில் சொன்னாள். அப்புறம், நம்பவில்லை என்றால் ஏன் யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறாய் என்று அதே குரல் கேட்டது. அக்கா கோபமாயிருக்கிறாளா? கொடுத்தவள் அவள்தானே. கொடுத்துவிட்டு ஏன் குத்துகிறாள்? வலி வந்தபோது அக்கா என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோமே, இப்போது கொப்புளத்தை மட்டும் வேறு யாருடையது என்பது? ராமசெல்விக்கு எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. ஒரு வாடிக்கையாளர் துவரம்பருப்பு கேட்டதற்குக் கடலைப்பருப்பை நிறுத்துக் கொடுத்தாள். அப்படி அவள் செய்ததே இல்லை.

கடைசியில் தங்கப்பாண்டிதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னான். தோல் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர். கையுறை போட்ட விரலால் வரிசைகளுக்கு நடுவே விலக்கிப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா பிரிக்காம வெச்சிருக்கீங்க?"

ராமசெல்வி சொன்னாள்.

"எண்ணெய் வெக்கிறீங்களா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

டாக்டர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று ராமசெல்விக்குத் தோன்றியது.

"உள்ள காத்தே போகல. எண்ணெயும் ஈரமும் சேர்ந்து புண்ணாயிருக்கு. அதுக்கு மருந்து இருக்கு, ஆறிடும். ஆனா இந்த நெத்தி ஓரம், காதுக்குப் பின்னாடி, இங்கெல்லாம் முடி போயிருக்குல்ல? அது புண்ணால இல்ல. இத்தனை கனத்தை உங்க சொந்த முடி தாங்குது. இழுத்து இழுத்து வேர் நொந்துபோச்சு. இப்பவே எடுத்துட்டா முளைக்க வாய்ப்பிருக்கு. இன்னும் இப்படியே விட்டா வேர் செத்துடும். அப்புறம் நான் எதை எழுதிக் கொடுத்தாலும் வராது."

"முதல்லயே வலிச்சுது டாக்டர்."

"வலிச்சா எடுத்திருக்கணுமேம்மா."

"எடுத்துட்டா அது..."

"எது?"

"ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து யோசித்தாள். டாக்டர் சொன்னதில் அக்கா இல்லை, சாபம் இல்லை, எண்ணூர்க் காற்றுகூட இல்லை. கனமும் ஈரமும்தான். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எடுத்தால் அக்கா மறுபடியும் பீரோவுக்குள் போய்விடுவாள். எடுக்காவிட்டால் தன் தலையில் மிச்சமிருப்பதும் போய்விடும். ஒரு முடிவுக்கு வந்தாள். சனிக்கிழமை பிரித்துவிடுவது. அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை, கடைசியாக ஒரு தரம், அக்கா செய்வதுபோல முடிக்கு எல்லா மரியாதையும் செய்துவிடுவது. புண்ணில் படாமல் நுனிக்கு மட்டும் எண்ணெய் தடவி, அலசி, சாம்பிராணி காட்டுவது.

கொட்டாங்குச்சித் தணல் போட்டாள். கடையிலிருந்து நல்ல சாம்பிராணியாகப் பார்த்து எடுத்துவந்தாள். தணல்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, பக்கத்தில் சாய்ந்து படுத்து, முடியை அதன்மேல் விரித்தாள். புகை கூடைக்கண் வழியாக முடிக்குள் ஏறியது. சீனியம்மாள் இப்படிப் படுத்துக்கொண்டுதான் ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். ராமசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

சாம்பிராணி வாசனைக்குள் வேறு ஒரு நாற்றம் நுழைந்தது. முடி கருகுகிற நாற்றம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. எரிகிற பிளாஸ்டிக் குடத்தின் நாற்றம். துள்ளி எழுந்தாள். கூடைக்கண் வழியே நழுவித் தணலுக்குப் பக்கத்தில் தொங்கிய முடிக்கற்றை, நுனியில் சுருண்டு கெட்டியாகியிருந்தது. கருகவில்லை, உருகியிருந்தது. நுனியில் கறுப்பு மணி மணியாக, நகத்தால் தட்டினால் டக் டக்கென்று சத்தம் கேட்டது.

அந்த மணியை வெகுநேரம் விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். முதலில் அவளுக்கு வந்த நினைப்பு, அக்காவுக்கு ஏற்றிய மருந்து முடியில் இறங்கியிருக்கும் என்பது. பிறகு நினைவு வந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால்தானே வெட்டினோம். தன் கையால்தானே வெட்டினோம்.

சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ராயபுரம் போய் மாடி ஏறினாள்.

"ஜஹானாரா, முடி உருகுமா?"

ஜஹானாரா மணியை வாங்கிப் பார்த்தாள். நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"இன்னாத்துல காட்டின?"

"சாம்பிராணி."

"அய்ய. எண்ணெயே வெக்காதன்னேன். நீ நெருப்புல காட்டிகினு வர்றியே."

"உருகுமான்னு கேட்டேன்."

"முடி உருகாது செல்விக்கா. நைலான் உருகும்."

துண்டை எடுத்துவிட்டு நெற்றி ஓரத்தைப் பார்த்ததும் ஜஹானாராவின் குரல் இறங்கிவிட்டது. கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டிக்கொண்டே சொன்னாள். கொடுத்த பின்னல் பார்க்கத்தான் கனம், நுனிப்பக்கம் மெலிசு. மொட்டைக் கத்தரியில் வெட்டியதில் பாதி துண்டு துண்டாக இருந்தது. இடுப்பு வரை வேண்டும் என்று ராமசெல்விதானே கேட்டாள். நீளத்துக்காகக் கிடங்கில் கொஞ்சம் நைலான் கலந்துதான் தைப்பார்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

"ஏன் சொல்லல?"

"நீ ஒங்க அக்கா முடின்னு சொன்ன. உசுரோட கீறாங்கன்னுதான் நென்ச்சேன். இதுல இன்னா கீது, எல்லாம் கறுப்புதானேன்னு வுட்டுட்டேன்." கண்ணாடியில் ராமசெல்வியின் முகத்தைப் பார்த்தாள். "இல்லியா அவங்க?"

"இல்ல."

கத்தரி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறுபடி நகர்ந்தது.

பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று துண்டின்மேல் விழுந்தன. தலை திடீரென்று லேசானது. யாரோ பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டதுபோல ராமசெல்வி முன்னால் சாய்ந்துவிட்டாள். ஜஹானாரா தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு பட்டையிலும் ஒரு இழை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். உருகியது. கருகியது. உருகியது. உருகியது. மறுபடி கருகியது.

"பாரு, கருகுறது நெசமான முடி."

"அது எங்க அக்காதுதானா?"

ஜஹானாரா காஜா மொய்தீனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் பெண்கள் முடி பிரித்துக்கொண்டு பேசும் சத்தம் கேட்டது. கோயில் முடி, வீடு வீடாக வாங்குகிற சிக்கு முடி எல்லாம் மூட்டை மூட்டையாக வருகிற இடம்.

"பாய், அன்னிக்கு ஒரு பின்னல் குடுத்தேனே, அந்த முடியவே போட்டியா, மாத்திட்டியா?"

"எந்தப் பின்னல்மா? டெய்லி எத்தினி வருது. நீ குடுத்தா அதத்தான் போட்டிருப்பாங்க."

"போட்டிருப்பாங்களா, போட்டாங்களா?"

"என்னைக் கேட்டா? முடி முடிதானேம்மா. எதனா கம்ப்ளெய்ன்ட்டா?"

ஜஹானாரா போனை வைத்துவிட்டாள்.

ராமசெல்வி துண்டின்மேல் குனிந்து பட்டைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அக்காவுக்கு உச்சியில் கொஞ்சம் நரை இருந்தது. சாயம் பூசமாட்டாள். என் வயசு எனக்கு, உனக்கென்ன என்பாள். நைலான் நரைக்காது. அப்படியானால் வெள்ளை முடி இருந்தால் அது அவளுடையது. எவ்வளவு தேடியும் பட்டைகளில் ஒரு வெள்ளைகூட இல்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. ஜன்னல், கீரை, தங்கப்பாண்டியின் விரல். உடனே இன்னொன்றும் தோன்றியது. தனக்கும் நரைக்கிற வயதுதானே.

பட்டைகளைத் துண்டோடு சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் ராஜாத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முகத்தைப் பார்த்துவிட்டுப் பூக்கூடையை நகர்த்தி வழிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டி அவள் நெற்றியில் டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். ராமசெல்வி சொன்னாள்.

"அது கடையில வாங்கின முடி இல்ல. அக்கா முடி. அக்கா முடின்னுதான் வெச்சேன்."

அவன் விரல் நின்றது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். வீட்டுக்குள்ளேயா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் களிம்பு டப்பாவை மூடிக் கீழே வைத்தான்.

"அப்ப நான் பிடுங்கிப் போட்டது?"

"தெரியல."

"மதினியோடதா, உன்னோடதா?"

"எனக்குத் தெரியலங்க."

அவன் எழுந்துபோய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். கீழே சாக்கடை, அதைத் தாண்டி ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் நின்றிருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தான். தோளுக்கும் எட்டாத அவள் முடியை, புண் படாமல், இரண்டு விரலால் விலக்கித் தேடத் தொடங்கினான். என்ன தேடுகிறான் என்று அவள் கேட்கவில்லை. காதுக்கு மேலே ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஒண்ணு இருக்குட்டி. இது உன்னோடதுதான். வேரோட நிக்கி."

ராமசெல்வி கையை மேலே கொண்டுபோய் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிடுங்கவா?"

"வேண்டாம். இருக்கட்டும்."